எந்தப் பத்தியில் முட்டி நின்றீர்கள்? கல்விக்கூடத்துக்கு வெளியே தத்துவம் வாசிப்போரின் அனுபவப் பகிர்வு

தொடங்கியவர்

கார்ல் மார்க்ஸின் மூலதனம் முதல் தொகுதி, வேலைநாள் அத்தியாயம், முதல் பிரிவின் முடிவு. வாசித்தவர்களுக்கு இடம் புரிந்திருக்கும். அதுவரை கோடு போட்டு, அவசிய உழைப்பு நேரம் (தொழிலாளி தன் கூலிக்கு ஈடாக உழைப்பது) இவ்வளவு, அதற்கு மேல் முதலாளிக்குப் போகும் உபரி இவ்வளவு என்று நிதானமாகப் போன நூலில் திடீரென்று ஒரு தொழிலாளியின் குரல் எழுகிறது. ஒரு நாள் உழைப்புச் சக்திக்குக் கூலி கொடுத்துவிட்டு மூன்று நாள் சக்தியை எடுத்துக்கொள்கிறாய் என்று முதலாளியின் முகத்துக்கு நேரே கணக்குச் சொல்கிறது. வாங்கியவன் தன் உரிமையைப் பேசுகிறான், விற்றவன் தன் உரிமையைப் பேசுகிறான். பரிமாற்ற விதிப்படி இரண்டுமே செல்லும். சம உரிமைகள் மோதினால் எது தீர்க்கும்? மார்க்ஸ் ஒரே சொல்லை வைக்கிறார்: கெவால்ட்.

அந்தச் சொல்லில்தான் வாசிப்பு முறிகிறது. ஆங்கிலத்தில் அது ஃபோர்ஸ். தமிழில் ஒருவர் 'பலம்' என்பார், இன்னொருவர் 'வன்முறை' என்பார். அரை மணி நேரம் இரண்டு வேறு நூல்களைப் பற்றிப் பேச்சு நடக்கும். ஜெர்மனில் அந்தச் சொல் அடிதடியையும் குறிக்கும், அரசின் அதிகாரத்தையும் குறிக்கும். சட்டமன்றம், நிர்வாகம், நீதி என்ற அதிகாரப் பிரிவினைக்கும் அதே சொல்தான். 'வன்முறை' என்று மட்டும் பிடித்துக்கொண்டால், ஆறாம் பிரிவில் 1833 முதல் 1864 வரையான இங்கிலாந்துத் தொழிற்சாலைச் சட்டங்கள் பக்கம் பக்கமாக வரும்போது நூல் தடம் மாறிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அங்கே நடப்பது முதல் பிரிவின் அந்த ஒரு வரியின் விரிவுரை. இரண்டு உரிமைகளுக்கும் இடையிலான மோதல் சட்டப் பிரிவுகளாக உறைவதை அவர் ஆண்டு ஆண்டாகக் காட்டுகிறார்.

ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1921-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலும் இதே சொல். சட்டத்தை நிறுவும் கெவால்ட், சட்டத்தைக் காக்கும் கெவால்ட் என்று அவர் பிரிப்பது 'வன்முறை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காது.

உங்களை இன்னும் விடாத இடம் எது?

மறுமொழி 1

முதலில் ஒரு திருத்தம். வேலைநாள் அத்தியாயத்தைப் பேசும்போது எண் சொல்லிவிடுங்கள், அதுவும் எந்தப் பதிப்பின் எண் என்று. ஜெர்மன் பதிப்பில் மொத்தம் 25 அத்தியாயங்கள், வேலைநாள் அதில் எட்டாவது. ஆங்கிலத்தில் 33, அதில் பத்தாவது. மூலதனம் முதன்முதலில் எப்படித் திரண்டது என்று பேசும் ஆதித் திரட்டல் ஜெர்மனில் ஒரே அத்தியாயம். ஆங்கிலத்தில் 26 முதல் 32 வரை ஏழாக உடைந்திருக்கும். குழுவில் இரண்டு பேர் வேறு பதிப்பு வைத்திருந்தால் முதல் பத்து நிமிடம் பக்கம் தேடுவதிலேயே போகும். பக்க எண்ணை நம்பாமல், பிரிவின் தலைப்பையும் பத்தியின் முதல் மூன்று சொற்களையும் சொல்லிப் பழகுங்கள்.

இங்கே உறுத்தும் விஷயம் வேறு. வேலைநாளிலிருந்து தொடங்கலாம் என்ற யோசனை மார்க்ஸ் சொன்னதுதான். 1867 நவம்பரில் நண்பர் கூகல்மனுக்கு எழுதிய கடிதத்தில், கூகல்மனின் மனைவிக்கு எளிதாக வாசிக்க ஏற்றவை என்று வேலைநாள், கூட்டுழைப்பு, வேலைப் பிரிவினை, இயந்திரம், ஆதித் திரட்டல் ஆகிய பகுதிகளைக் குறிப்பிடுகிறார். 1969-இல் பிரெஞ்சு மார்க்சியத் தத்துவவாதி அல்தூசரும் முதல் பகுதியைத் தாண்டி இரண்டாம் பகுதியில் தொடங்கச் சொன்னார், ஆனால் பிறகு திரும்பி வரச் சொன்னார். திரும்பி வருவதுதான் நடப்பதில்லை.

விளைவு என்ன? முதல் அத்தியாயத்தின் நான்காம் பிரிவை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு, பண்ட மாயை என்றால் பொருள் மீது மக்களுக்கு உள்ள மோகம் என்று முடிவு கட்டுகிறார்கள். மூன்றாம் பிரிவில் 20 கெஜம் லினன் துணி ஒரு கோட்டுக்குச் சமம் என்று சலிக்கச் சலிக்க எழுதியிருப்பது சும்மா இல்லை. லினனின் மதிப்பு லினனைப் பார்த்தால் தெரியாது. கோட்டின் உடம்பில்தான் தெரியும். கோட்டு கண்ணாடியாகிறது. மனிதர்களின் உழைப்புக்கு இடையிலான உறவு இரண்டு பொருள்களின் உறவாகத் தோன்றுவது அந்த இடத்தில்தான். வாங்குபவருக்கு ஆசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடக்கும். மூன்றாம் பிரிவைத் தாண்டினால் நான்காம் பிரிவு வெறும் ஒழுக்க உபதேசமாகிவிடும்.

மறுமொழி 2

அல்தூசர். 1970 கட்டுரை, கருத்தியல் அரசு எந்திரங்கள் (பள்ளி, குடும்பம், தேவாலயம் போன்றவை). காவலர் தெருவில் 'ஏய், அங்கே போகிறவரே!' என்று கூப்பிடுகிறார். ஒருவர் திரும்புகிறார். 180 பாகை. பத்தில் ஒன்பது முறை திரும்புகிறவர் கூப்பிடப்பட்டவரேதான் என்கிறார் அல்தூசர். அந்தத் திரும்பலிலேயே அவர் தன்னிலை (ஆங்கிலத்தில் சப்ஜெக்ட்) ஆகிவிடுகிறார்.

தமிழில் இதற்கு 'அழைப்பு', 'விளிப்பு' என்று எழுதுகிறார்கள். விளிப்பு என்பதே சரி. நம் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமை விளி. ஒரு பெயர் விளியேற்கும்போது ஈறு திரிகிறது, நீள்கிறது, கெடுகிறது: 'தம்பி' 'தம்பீ' ஆகிறது. கூப்பிட்ட மாத்திரத்தில் பெயரின் உருவமே மாறிவிடுகிறது. அல்தூசர் சொல்ல வந்ததற்கு இதைவிடக் கிட்டத்தில் வரும் சொல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆனால் பெரும்பாலோர் இங்கே தவறவிடுவது அடுத்த பத்தியை. முதலில் தனிமனிதர், பிறகு கூப்பாடு, பிறகு தன்னிலை என்ற வரிசை வசதிக்காக நாடகமாகக் காட்டியது. உண்மையில் முன்பின் கிடையாது என்று அவரே எழுதுகிறார். குழந்தை பிறக்கும் முன்பே அதற்கு அப்பாவின் பெயர் காத்திருக்கிறது என்ற உதாரணம் வருவது அதற்காகத்தான். காவலரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 'திரும்பாமல் நடந்தால் தப்பிக்கலாமே' என்று கேட்கிறவர்கள் அந்தப் பத்தியை மறுபடி வாசிக்க வேண்டும்.

மறுமொழி 3

விளி பற்றிச் சொன்னது அருமை. 'தன்னிலை'யில்தான் சிக்கல். பிரெஞ்சில் அந்தச் சொல் செயலின் கர்த்தாவையும் குறிக்கும், அரசனுக்குக் கீழ்ப்பட்ட குடியையும் குறிக்கும். கட்டுரை முழுவதும் அந்த இரட்டைப் பொருளின் மேல்தான் நிற்கிறது: தன் விருப்பப்படியே கீழ்ப்படிகிறவர். 'தன்னிலை'யில் கீழ்ப்படிதலின் நிழல்கூட இல்லை. 'குடி' என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தால் கடைசிப் பக்கங்கள் திறக்கும்.

மறுமொழி 4

காலனியத்தையும் நிறவெறியையும் பற்றி எழுதிய ஃபனான். 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்ற 1952 நூலின் ஐந்தாம் அத்தியாயம். 1967 ஆங்கில மொழிபெயர்ப்பில் அதன் தலைப்பு 'கறுப்பாயிருத்தல் என்னும் உண்மை' என்ற பொருளில் இருக்கும். பிரெஞ்சுத் தலைப்பு சொல்வது 'கறுப்பரின் வாழ்ந்தறிந்த அனுபவம்'. ஒன்று கறுப்பை மாறாத உண்மையாக்குகிறது. மற்றது அது உடம்பில் எப்படி வாழப்படுகிறது என்று கேட்கிறது. ரயிலில் ஒரு குழந்தை விரல் நீட்டி 'அம்மா, பார்' என்று பயந்து கத்தும் அந்தக் காட்சியை எந்தத் தலைப்பின் கீழ் வாசிக்கிறோம் என்பது முழு அத்தியாயத்தையும் புரட்டிப்போடும். 2008-இல் வந்த புது ஆங்கில மொழிபெயர்ப்பு இதைச் சரிசெய்தது. பழைய பதிப்பு கையில் இருந்தால் தலைப்பை அடித்து எழுதிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 5

ஆங்கிலம் வழியாக வாசிக்கிறவர்களுக்குத் தமிழ் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அதை யாரும் பயன்படுத்தாமல் விடுவது வருத்தமாக இருக்கிறது.

வடிவக் கணித நூல் போலக் கூற்று, நிரூபணம் என்று எழுதப்பட்ட ஸ்பினோசாவின் அறவியல், முதல் பகுதி, 34-ஆம், 35-ஆம் கூற்றுகள். அடுத்தடுத்து நிற்பவை. லத்தீனில் 34-இல் வருவது பொடென்ஷியா, 35-இல் பொடெஸ்டாஸ். பல ஆங்கிலப் பதிப்புகளில் இரண்டுமே பவர். பிரெஞ்சில் புய்சான்ஸ், புவ்வார் என்று வேறுபடுத்தலாம். நமக்கும் முடியும்: ஆற்றல், அதிகாரம். 34-இல் கடவுளின் ஆற்றல் அவருடைய சாரமேதான். 35-இல் பேச்சு அவருடைய அதிகாரத்துக்குள் இருப்பவை பற்றி. கடவுளை அரசனாகக் கற்பனை செய்யும் பழக்கத்தை ஸ்பினோசா உடைப்பது இந்த வேறுபாட்டை வைத்துத்தான். இரண்டாம் பகுதி மூன்றாம் கூற்றின் விளக்கக் குறிப்பில் அதை வெளிப்படையாகவே சொல்கிறார். இரண்டுக்கும் 'சக்தி' என்று போட்டுவிட்டால் கையில் இருந்த கத்தியை நாமே மழுங்கடித்தது போல.

அதே 'அதிகாரம்' ஃபூக்கோவில் நம்மைக் கவிழ்க்கும். அவர் எழுதுவது புவ்வார், ஆகவே 'அதிகாரம்' என்பது சரியான மொழிபெயர்ப்புத்தான். ஆனால் தமிழில் அதிகாரம் என்றதும் அது யாரிடம் இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறோம். கண்காணிப்பும் தண்டனையும் பற்றிய 1975 நூலின் முதல் சில பக்கங்களே மருந்து. பிரெஞ்சு மன்னரைக் கத்தியால் குத்திய டாமியனுக்கு 1757 மார்ச் 2 அன்று விதித்த தண்டனை: குதிரை, உருக்கிய ஈயம், கொப்பளிக்கும் உடம்பு. அதை ஒட்டியே, 80 ஆண்டு கழித்து வந்த இளம் கைதிகள் இல்லத்தின் விதிமுறை. குளிர்காலத்தில் காலை ஆறுக்கும் கோடையில் ஐந்துக்கும் நாள் தொடங்கும். ஒன்பது மணி நேர வேலை, இரண்டு மணி நேரப் படிப்பு. முதல் முரசுக்கு மௌனமாக எழுந்து உடுத்த வேண்டும், இரண்டாவதற்குப் படுக்கையைச் சீர்செய்ய வேண்டும், மூன்றாவதற்கு வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முரசுக்கும் இடையே ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் அதிகாரம் 'யாரிடம்' இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முரசடிப்பவரிடமா? கேள்வி பொருந்தாது. அது ஒரு கால அட்டவணையாக வேலை செய்கிறது, பழக்கப்பட்ட உடம்பை உண்டாக்குகிறது. நடுக்கோபுரத்திலிருந்து எல்லா அறைகளையும் கண்காணிக்கும் வட்டச் சிறை வரும் அத்தியாயத்தை மட்டும் நகலெடுத்துப் படிக்கிறவர்களுக்கு இந்த முரசு கேட்காது, கோபுரத்தில் இருக்கும் ஆள்தான் தெரிவார்.

மறுமொழி 6

மேலே உள்ள எல்லோரும் மூலச்சொல் மூலச்சொல் என்று புதிதாக வருபவரைப் பயமுறுத்துகிறீர்கள். பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் ரான்சியேர் 1987 நூலில் எழுதிய ஆசிரியர் ழொசெப் ஜாக்கோட்டோவின் கதையை நினைத்துப் பாருங்கள். 1818, இன்றைய பெல்ஜியத்தின் லூவென். மாணவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆசிரியருக்கு ஃபிளமிஷ் தெரியாது. நடுவில் இருந்தது இருமொழிப் பதிப்பாக வந்த ஒரே ஒரு நூல். மாணவர்கள் மொழிபெயர்ப்பின் துணையோடு பிரெஞ்சைத் தாங்களாகவே கற்றார்கள். விளக்குபவர் இல்லாமல் புரியாது என்ற நம்பிக்கையே ஆளை முட்டாளாக்குகிறது என்பதுதான் அங்கே வாதம். துணைநூல் வாங்கி அடுக்குவதை நிறுத்துங்கள். மூலநூலைத் திறந்து உட்காருங்கள்.

குழு நடத்துகிறவர்களுக்குச் சில. ஐந்து முதல் ஏழு பேர். மூன்றே பேர் என்றால் ஒருவர் வராத நாளில் குலைந்துவிடும். பத்துக்கு மேல் போனால் இருவர் மட்டும் பேசுவார்கள். 90 நிமிடம். வீட்டில் படித்துவிட்டு வருவதை நம்பாதீர்கள், பத்தியை அங்கேயே ஒருவர் உரக்க வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் அடுத்திருப்பவர் அதை ஒரே வாக்கியத்தில் தன் சொல்லில் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் எந்தச் சொல்லில் தடை என்று விரல் வைத்துக் காட்டினால் போதும். வேகம் நூலைப் பொறுத்தது. ஹெகலில் ஒரு அமர்வுக்கு நான்கைந்து பத்தி. ஃபூக்கோவில் 15 பக்கம் போகலாம். ஸ்பினோசாவில் ஒரே ஒரு கூற்று, ஆனால் நிரூபணம் கைகாட்டும் பழைய கூற்றுகளையும் எடுத்து வைத்து: மூன்றாம் பகுதி ஆறாவதை எடுத்தால், முதல் பகுதி 25-இன் துணைக்கூற்று, 34, மூன்றாம் பகுதி 4, 5 எல்லாம் மேசைக்கு வர வேண்டும். தெலூஸும் கத்தாரியும் 1980 நூலில் 'பீடபூமி' என்று பெயரிட்ட அத்தியாயங்களை எந்த வரிசையிலும் படிக்கலாம், முடிவுரை மட்டும் கடைசியில் என்று முன்குறிப்பே தந்திருக்கிறார்கள். ஒன்றுக்கு மூன்று அமர்வு ஒதுக்குங்கள்.

முதல் 45 நிமிடம் அந்த நூலின் ஆசிரியர் தவிர வேறு எந்தத் தத்துவவாதியின் பெயரையும் எடுக்கக் கூடாது. குழுக்கள் பெரும்பாலும் செத்துப்போவது இதனால்தான். பத்தி கடினமாகும் நொடியில் யாராவது 'ஹைடெக்கர் இதை வேறு மாதிரி...' என்று தொடங்குவார். பத்தி மூடிக்கொள்ளும், திறக்காது.

மறுமொழி 7

45 நிமிட விதியை ஏற்கிறேன். ஜாக்கோட்டோ வாதத்தை அப்படியே ஏற்க முடியாது. அந்த மாணவர்கள் கையில் இருமொழிப் பதிப்பு இருந்தது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பத்தியை அருகருகே வைக்க முடிந்ததால்தான் விளக்குபவர் தேவைப்படவில்லை. மூலச்சொல்லைப் பற்றி மேலே பேசியவர்கள் கேட்பதும் அதே வசதியைத்தான்.

ஆண்டான்–அடிமை எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். ஹெகல் 1807-இல் 'ஆன்மாவின் நிகழ்வியல்' நூலில் எழுதிய சொல் க்னெஹ்ட். பணியாள், ஏவலாள். அடிமைக்கு ஜெர்மனில் வேறு சொல் உண்டு. கோஜேவ் 1933 முதல் 1939 வரை பாரிஸில் ஹெகலைப் பற்றி நடத்திய விரிவுரைகளில் அது பிரெஞ்சு 'அடிமை' ஆனது. அங்கிருந்து அது பரவலாக வழக்குக்கு வந்தது. ஆங்கிலப் பதிப்புகளின் பத்தி எண்ணில் அது 178 முதல் 196 வரை: 808 பத்திகளில் 19. கோஜேவை முதலில் படித்தவருக்கு அந்த 19 பத்தியே முழு நூலாகிவிடும். 197-இல் ஹெகல் பழங்கால ஸ்டோயிக் தத்துவவாதிகளுக்குப் போவது ஏன் என்று தெரியாமல் நூலை மூடிவிடுவார்.

செய்ய வேண்டியது இதுதான். 178-இலிருந்து 196 வரை 'அடிமை' வரும் இடமெல்லாம் பென்சிலால் 'பணியாள்' என்று மாற்றி ஒருமுறை உரக்க வாசியுங்கள். 195-ஆம் பத்தியில் நின்று பாருங்கள். வேலை என்பது அடக்கி வைத்த விருப்பம், தள்ளிப்போட்ட மறைவு என்கிறார் ஹெகல். ஆண்டான் பொருளைத் தின்று தீர்க்கிறான், பொருள் போய்விடுகிறது. பணியாள் அதைத் தின்னாமல் வடிவம் கொடுக்கிறான், அது நிற்கிறது. 'அடிமை' என்று வாசித்தபோது கண் சங்கிலியைத் தேடியது. 'பணியாள்' என்றால் கண் அவன் கையில் இருக்கும் பொருளுக்குப் போகிறது.

தொடங்கியவர்

கெவால்ட்டுக்கு யாரும் தமிழ்ச் சொல் தரவில்லை என்பதைக் கவனித்தேன். அத்தியாயம் முடியும்வரை 'கெவால்ட்' என்றே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவின் ஓரத்திலும் அங்கே எது பொருந்துகிறது என்று பலம், அதிகாரம், வன்முறை மூன்றில் ஒன்றைக் குறித்துவருவதாக யோசனை. முதல் பிரிவில் மூன்றையுமே எழுத வேண்டியிருக்கிறது.