ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) பூங்கா இடத்தில் குடிநீர்த் தொட்டி: தடுப்பதா, மாற்று இடம் கேட்பதா?

புங்கநிழல் கேட்டது:
2006-ல் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வாங்கிய மனைப்பிரிவு, மொத்தம் 4 ஏக்கர். அப்போது ஊராட்சி, இப்போது நகராட்சியோடு சேர்ந்துவிட்டது. சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதம், அதாவது 28 சென்ட், பூங்கா என்று வரைபடத்தில் இருக்கிறது. 42க்கு 27 மீட்டர். நாலு வேம்பு, ஒரு பூவரசு, சாயங்காலம் பிள்ளைகள் விளையாட்டு, அவ்வளவுதான். இப்போது அங்கே 1 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியும் ஒரு அங்கன்வாடியும் வரப்போகிறதாம். இரண்டுமே எங்களுக்குத் தேவைதான். "சும்மா கிடக்கிற இடந்தானே" என்று தெருவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அந்த இடத்தில் கட்ட சட்டம் இடம் கொடுக்கிறதா? எந்தக் காகிதத்திலிருந்து ஆரம்பிப்பது?

ஆவணப்பெட்டி:
முதலில் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றிட்ட நகல். விற்பனைக்காக அச்சடித்துக் கொடுத்த வண்ணப் படம் செல்லாது. உங்கள் பத்திரத்தில் எல்.பி. எண் (மனைப்பிரிவு அங்கீகார எண்) இருக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் தனித்தனியாகத் தகவல் உரிமை மனு போடுங்கள். 10 ரூபாய்க்கு கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டினால் போதும், பதிலுக்கு 30 நாள் கெடு. வரைபடத்தோடு நிபந்தனைக் கடிதம், ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப்பத்திரம், தொட்டி பற்றிய மன்றத் தீர்மானம், மதிப்பீடு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

அடுத்தது வில்லங்கம். பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து 2005 முதல் பாருங்கள். பத்திரம் ஊராட்சித் தலைவர் பெயரில் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டா மாறியிருக்காது. பூங்கா இடங்கள் கைமாறிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உட்பிரிவு செய்யாததால் பழைய நிலக்காரர் பெயரிலேயே பட்டா நிற்கும், பத்து வருடம் கழித்து வாரிசுகள் விற்பார்கள். ஊராட்சி நகராட்சியானபோது கோப்பு எங்கோ தங்கிப்போவதும் உண்டு. அதனால் நகராட்சி பெயருக்கு உட்பிரிவுப் பட்டா கேட்டு வட்டாட்சியருக்கு இப்போதே மனு கொடுங்கள். தானப்பத்திர நகலோடு சார்பதிவாளருக்கும் ஒரு கடிதம்.

சட்டப்படி உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதிவாசிகள். 2007-ல் ஸ்ரீதேவி நகர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் மனைப்பிரிவில் ஒதுக்கிய பொது இடத்தை வேறு காரியத்துக்கு மாற்றக்கூடாது என்றே சொன்னது. 10 சதவீத விதியே செல்லுமா என்ற கேள்விக்கு 2023-ல் வசந்த் அபார்ட்மென்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. இதுபோக 1959-ம் வருடத்துப் பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. உங்கள் இடம் அந்தச் சட்டப்படியான பட்டியலில் ஏறியிருக்கிறதா என்பதையும் மனுவில் கேளுங்கள்.

குழாயடி:
சட்டத்தை எடுக்குமுன் தரை மட்டத்தைக் கேளுங்கள். மனை பிரிக்கும்போது விலை போகாத பள்ளத்தைப் பூங்காவுக்கு விடுவது வழக்கம். மேல்நிலைத் தொட்டிக்கோ பகுதியிலேயே உயரமான இடம் வேண்டும். மத்திய அரசின் 1999-ம் வருடக் குடிநீர்த் திட்டக் கையேட்டின்படி குழாய் முனையில் மாடி இல்லாத வீட்டுக்கு 7 மீட்டர், ஒரு மாடி வீட்டுக்கு 12 மீட்டர் உயர நீருக்குச் சமமான அழுத்தம் மிஞ்ச வேண்டியிருந்தது. மேட்டில் 12 மீட்டர் தூணில் முடிகிற வேலை, 3 மீட்டர் பள்ளத்தில் 15 மீட்டர் தூண் கேட்கும். கம்பி, சிமென்ட் செலவு கூடும்.

தரை மட்டம் (லெவல்) எடுத்த அறிக்கையும் மண் பரிசோதனையும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் பூங்காவைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் அது காலியாக இருப்பதுதான் என்று தெரிந்துவிடும்.

கம்பிவேலியோடு சேர்த்து இந்த அளவுத் தொட்டிக்கு 10க்கு 10 மீட்டராவது போகும், லாரி வர வழி தனி. தொட்டியை நிலத்தடியில் வைக்கலாமே என்று யாராவது சமரசம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேர் விரிசலுக்குப் பயந்து சுற்றிலும் மரம் வைக்க விடமாட்டார்கள்.

ஆவணப்பெட்டி:
மாற்று இடத்துக்கு: 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளுக்குப் பிறகு வந்த பெரிய மனைப்பிரிவுகளில் பூங்கா போக உள்ளாட்சிக்கு 0.5 சதவீதம், மின்வாரியத்துக்கு 0.5 சதவீதம் பொது உபயோக மனையாக ஒதுக்குகிறார்கள். உங்களுடையது 2006 என்பதால் இது இருக்காது. ஆனாலும் வரைபடத்தில் 'பள்ளி', 'கடை', 'பொது உபயோகம்' என்று எழுதிய மனை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அந்த மனைகள் யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் வில்லங்கத்தில் சரிபார்க்க வேண்டும். பக்கத்துப் புது மனைப்பிரிவின் பொது உபயோக மனையும் அங்கன்வாடிக்கு உதவலாம், ஆனால் உங்கள் அளவு மனைப்பிரிவில் 0.5 சதவீதம் என்பது ஏறக்குறைய 600 சதுர அடிதான், முற்றம் கிடைக்காது. அதைவிட அருகிலுள்ள அரசுப் பள்ளி வளாகம் நல்லது. தொட்டிக்கு வருவாய்த் துறையிடம் புறம்போக்குப் பட்டியல் கேளுங்கள். ஏரி, வாய்க்கால் புறம்போக்கை மட்டும் தொடாதீர்கள், ஒரு பொது இடத்தைக் காப்பாற்ற இன்னொன்றை அழித்ததாகிவிடும்.

புங்கநிழல்:
மிக்க நன்றி. "சும்மா கிடக்கிறது" என்ற பேச்சுக்கு என்ன செய்வது? காலியாக விட்டால் திரும்பவும் யாராவது வருவார்கள்.

மண்தளம்:
அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆளில்லாத பூங்காவுக்கு நீதிமன்ற உத்தரவு மட்டும் காவல் நிற்காது. முதலில் அளவு. 30 மீட்டர் டேப்பில் நாலு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் எடுங்கள். இடம் செவ்வகம் என்றால் மூலைவிட்டம் இரண்டும் 49.9 மீட்டர் சுமாருக்கு வர வேண்டும். ஒன்று குறைந்தால் அந்த மூலையில் யாரோ சுவரை நகர்த்தியிருக்கிறார்கள். அப்போதே சர்வேயரை வைத்துக் கல் நடுங்கள்.

ஓரத்திலிருந்து 2 மீட்டர் உள்ளே தள்ளி 1.5 மீட்டர் அகலத்தில் நடைபாதை போட்டால் ஒரு சுற்று ஏறக்குறைய 120 மீட்டர், எட்டுச் சுற்றில் ஒரு கிலோமீட்டர் நெருங்கும். காலையில் பத்துப் பேர் நடக்க ஆரம்பித்தாலே 'சும்மா கிடக்கிற இடம்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாதை கிராவல் மண்ணில் இருக்கட்டும். பேவர் பிளாக் முழுக்கப் பரப்புவதுதான் ஊருக்கு ஊர் நடக்கும் தவறு: 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் இந்த இடத்தில் மட்டும் 56,000 லிட்டருக்கு மேல் விழும், அது மண்ணுக்குள் போகாமல் தெருவில் தேங்கும். இருக்கிற வேம்பைச் சுற்றி 1 மீட்டர் ஆரத்துக்கு எதுவும் பூசாதீர்கள்.

மரத்தை ஓரத்தில் மட்டும் வையுங்கள், நடுவில் 25க்கு 15 மீட்டர் பிள்ளைகளுக்கு வெறும் தரையாக இருக்கட்டும். அழகுக்காகப் புல்தரை போட்டு 'உள்ளே வராதீர்' என்று பலகை வைத்த பூங்காக்கள் பலவற்றில் இப்போது பூட்டுத்தான் தொங்குகிறது.

ஆவணப்பெட்டி:
ஒன்று விட்டுப்போனது. ஆட்சேப மனுவை வேலை உத்தரவு கொடுப்பதற்கு முன்னால் ஆணையரிடம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். நகல் மாவட்ட ஆட்சியருக்கு. அஸ்திவாரம் தோண்டியபின் போனால் "பொதுப்பணம் செலவாகிவிட்டது" என்பார்கள். மனுவில் 'தொட்டி வேண்டாம்' என்று எங்கும் எழுதாதீர்கள். 'இன்ன சர்வே எண்ணில் கட்டுங்கள்' என்று மாற்று இடத்தோடு எழுதி, பகுதி சபைக் கூட்டத்திலும் அதையே தீர்மானமாக வையுங்கள்.