யூடாமாவில் 21, ரான்சரில் 3: எது ஆபத்து?

சரக்குச்சாமி:
ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் "ரான்சர் பக்கம் தலைவைத்துப் படுக்காதே" என்று பயமுறுத்துவதே இங்கே சிலருக்குப் பிழைப்பாகிவிட்டது. ரான்சர், யூடாமா இரண்டும் ஆட்டத்தின் நட்சத்திர மண்டலங்கள். நேற்று இரவு வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். கடைசி ஒரு மணி நேரத்தில் அழிந்த கப்பல்கள் யூடாமாவில் 21, ரான்சரில் 3. யூடாமாவின் பாதுகாப்பு அளவு 0.5, கான்கார்ட் என்ற ஆட்டப் போலீஸ் காவல் உள்ள இடம். ரான்சர் 0.4, காவல் வராத இடம். அப்படியானால் ரான்சர்தான் ஏழு மடங்கு பாதுகாப்பு. எண் கண்ணெதிரே இருக்கிறது, பயமுறுத்துகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

பழையபைலட்:
இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் ரான்சரில் போய் மாட்டப் போகிறார்களோ. அந்த 21-ல் கேட்டலிஸ்ட் என்ற சின்னப் போர்க்கப்பல் எத்தனை என்று பார்த்தீர்களா? அழிந்த கப்பல்களின் பட்டியலான கில்போர்டில் நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். 20. எல்லாம் ஒரே நிமிடத்தில். பிரெய்ட்டர் என்ற பெரிய சரக்குக் கப்பல் ஒன்றை அடிக்க இருபது பேர் மலிவான கேட்டலிஸ்டில் வந்தார்கள், பிரெய்ட்டர் போனது, பிறகு கான்கார்ட் வந்து இருபதையும் பொசுக்கியது. கான்கார்ட் தண்டிக்க வரும், தடுக்க வராது. அதிலும் 0.5-ல் ஆடி அசைந்து வரும். செத்த பயணி ஒருவர்தான். மற்ற இருபதும் கொள்ளைக்காரன் போட்ட முதலீடு.

சரக்குச்சாமி:
கேட்டலிஸ்ட் கப்பல் இல்லையா? வரைபடம் 21 என்கிறது. 21 என்றால் 21.

ஒண்டிமாலுமி:
ஒரு நிமிடம். கொள்ளையர் என்று யாரைச் சொல்கிறோம்? குரிஸ்டாஸ், செர்பென்டிஸ் மாதிரி ஆட்டமே ஓட்டுகிறவர்களையா, நம்மைப் போன்ற ஆட்களையா? பயணி என்றால் குட்டிக் கப்பலான ஷட்டிலில் போகிறவரா, பிரெய்ட்டரில் போகிறவரா? அதை முடிவு செய்துவிட்டு...

பழையபைலட்:
அதெல்லாம் அப்புறம். முதலில் 20 கேட்டலிஸ்ட்.

சாமி அவர்களே, அதே வரைபடத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் மண்டலம் விட்டு மண்டலம் தாவிப் போனார்கள் என்ற எண்ணும் இருக்கிறது. அதைத் திறக்கவே இல்லையே, ஏன்? ஜிட்டா, டோடிக்சி என்ற சந்தை ஊர்களுக்கு நடுவிலுள்ள சாலையில் இருக்கிற யூடாமாவில் கூட்டம் அலைமோதும். ரான்சரில் ஈ ஆடாது. ஈ ஆடாத இடத்தில் மூன்று போனால் அது பெரிய எண். கப்பல் போனபின் பைலட் தப்பும் காப்ஸ்யூல் கணக்கையும் பாருங்கள், அது தனியாக வரும்.

ரான்சரில் என்ன நடக்கிறது என்று பார்த்தவன் சொல்கிறேன். மண்டலம் தாவும் வாசலான ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட்டுக்கு நேராக வார்ப் அடிக்கிறீர்கள், அதாவது அதிவேகத்தில் பாய்கிறீர்கள். நீங்கள் வந்து இறங்கும் அதே கோட்டில் சுற்றிலும் உள்ளதையெல்லாம் தாக்கும் ஸ்மார்ட்பாம் பூட்டிய போர்க்கப்பல் ஒன்று சும்மா நிற்கும். கப்பல் வேகம் குறைந்து, கேட் கண்ணுக்குத் தெரிந்து, தாவலாம் என்று கை போகும்போது சுற்றிலும் ஒரு வெளிச்ச வளையம் விரியும். கப்பல் போய்விடும். அடுத்த வளையத்தில் காப்ஸ்யூல். அவன் உங்களைக் குறிவைத்து லாக் கூடச் செய்திருக்க மாட்டான். கேட் துப்பாக்கி அவனைச் சுடும், அவன் அதைத் தாங்கிக்கொண்டு நிற்பான்.

நட்சத்திரவள்ளி:
"ஷட்டிலில் போ, 2 விநாடிக்குள் வார்ப் ஆகிவிடும், யாராலும் லாக் செய்ய முடியாது" என்று எனக்குச் சொன்னது யார் அண்ணா? நீங்கள்தானே? அதே ரான்சரில், அதே வளையத்தில், தலையில் பதித்த இம்ப்ளாண்ட் எல்லாம் போயிற்று.

பழையபைலட்:
லாக் செய்ய முடியாது என்றுதானே சொன்னேன்? லாக் செய்தார்களா? இல்லை. ஷட்டில் கேட்டை விட்டுக் கிளம்பும்போது தப்பும். போய் இறங்குகிற இடத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு? நேராக கேட்டுக்குப் போகாதே, நடுவில் ஒரு கிரகத்துக்குப் போய் சுற்றிலும் என்ன கப்பல் என்று காட்டும் டி-ஸ்கேன் போட்டுப் பார், வேறு கோணத்தில் இறங்கு என்றும் சொன்னேன். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டாய்.

நட்சத்திரவள்ளி:
சொல்லவில்லை. அந்த அரட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

சரக்குச்சாமி:
ஆக, அண்ணன் சொன்னதைக் கேட்டால் காப்ஸ்யூலும் போகும். நான் 21 என்று சொன்னதால் யாருக்கும் ஒன்றும் போகவில்லை.

பழையபைலட்:
உங்கள் 21-ஐ நம்பி யாரும் இன்னும் கிளம்பவில்லை, அவ்வளவுதான். 2020-ல் நியார்ஜா மண்டலம் ஆட்டத்தின் எதிரிக் கூட்டமான திரிக்லேவியன்களிடம் போவதற்கு முன்பிருந்தே நான் பிரெய்ட்டர் ஓட்டுகிறேன். ஜிட்டாவிலிருந்து அமாருக்கு 9 தாவலாக இருந்த பாதுகாப்பு வழி அதற்குப் பிறகு 45 ஆயிற்று. அப்போதும் உங்களைப் போல ஒருவர், "நியார்ஜாவில்தான் நிறைய சாகிறது, இனி நிம்மதி" என்றார். கொள்ளைக்காரன் என்ன ஓய்வா பெற்றுக்கொண்டான்? பிரெய்ட்டர்கள் போன பக்கம் அவனும் போனான்.

விண்தூசி:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், அது யூடாமா இல்லை, உவேடாமா.

பழையபைலட்:
உச்சரிப்பு வகுப்பு வேறு இடத்தில் நடத்தவும்.

விண்தூசி:
பெயரே சரியாகச் சொல்லத் தெரியாதவர் கேட்டலிஸ்டைச் சரியாக எண்ணியிருப்பார் என்று எப்படி நம்புவது? 19 ஆகக்கூட இருக்கலாம்.

பழையபைலட்:
20. சந்தேகம் இருந்தால் நீங்களே கில்போர்டில் எண்ணுங்கள். கொள்ளைக்காரன் போடும் கணக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். அழிந்த கப்பலின் சரக்கில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சி விழும். அந்தப் பாதியின் விலை இருபது கேட்டலிஸ்டின் விலையைவிட அதிகமாக இருந்தால் அடிப்பான், இல்லாவிட்டால் கொட்டாவி விட்டுக்கொண்டு போகவிடுவான். யூடாமாவில் காலிக் கப்பலில் போனால் உங்களைப் பெரும்பாலும் யாரும் சீண்டுவதில்லை. ரான்சரில் அவன் எந்தக் கணக்கும் பார்ப்பதில்லை, வந்த கப்பல் எல்லாம் போகும்.

ஒண்டிமாலுமி:
இதைத்தான் முதலிலேயே கேட்டேன், எந்தப் பயணி என்று.

சரக்குச்சாமி:
வளர்த்துக்கொண்டே போகிறீர்கள். நான் இன்றுதான் ரான்சர் வழியாகப் போய்த் திரும்பினேன். ஒரு கீறல் இல்லை.

பழையபைலட்:
எத்தனை மணிக்கு?

சரக்குச்சாமி:
சர்வர் நேரம் 11:20.

பழையபைலட்:
11 மணிக்கு தினமும் சர்வரை நிறுத்தும் டவுன்டைம். சர்வர் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த நேரத்தில் யாருமே இல்லாத ஊரில் நடந்துவிட்டு வீரம் பேசுகிறீர்கள்.

நட்சத்திரவள்ளி:
அரட்டையைத் தேடி எடுத்துவிட்டேன். கிரகம் என்ற வார்த்தையே அதில் இல்லை.

பழையபைலட்:
குரலில் சொல்லியிருப்பேன்.

சரக்குச்சாமி:
இப்போது வரைபடத்தைப் பார்த்தேன். யூடாமா 14, ரான்சர் 0. வேறு ஏதாவது?

பழையபைலட்:
14-ல் கேட்டலிஸ்ட் எத்தனை?