எல்.கே.ஜி. பிள்ளைக்குப் பென்சிலா, மாவு உருண்டையா? உங்கள் வீட்டு அனுபவம் சொல்லுங்கள்

மதுரை அம்மா:
என் மகளுக்கு மூன்றரை வயது. தினமும் ஒரு பக்கம் 'அ' எழுதி வரச் சொல்கிறார்கள். பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறாள், நாலு எழுத்துக்குள் கை வலிக்கிறது என்று அழுகை. பள்ளியில் கேட்டால், "வீட்டில் பழக்குங்க மேடம்." என் மாமியார்தான் நோட்டை மூடிவைத்துவிட்டுச் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையைக் கையில் கொடுத்தார். பாம்பு திரித்தாள், சீடை உருட்டினாள். அப்புறம் வாசலில் கோலம். புள்ளி வைப்பது பேத்தி, இழுப்பது அப்பத்தா. கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டுமே, பென்சிலுக்கும் அதே விரல்கள்தான். இப்போது பிடி மாறியிருக்கிறது. எழுத்து இன்னும் கோணல்தான், இருக்கட்டும்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடலையும் பழக்கும் சிகிச்சையாளர்), கோவை:
உங்கள் மாமியாருக்கு ஒரு கும்பிடு. மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தெரியவே 8 வயதுக்கு மேல் ஆகும். மூன்று வயதில் வட்டம் வரையும், நாலு வாக்கில் கூட்டல் குறி, சதுரமும் முக்கோணமும் அதற்கும் பின்னால். நம் 'அ'வில் சுழி, வளைவு, கோடு எல்லாம் இருக்கிறது. அதை மூன்று வயதில் வரி வரியாகக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. விஜயதசமி அன்று அரிசியில் விரலால்தானே எழுத வைக்கிறோம்? 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும் முதலில் உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவுவதுதான்.

ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர், தஞ்சை:
கை மட்டுமா? என்னிடம் ஒரு பையன், யார் எதை வைத்திருந்தாலும் பிடுங்குவான், தள்ளுவான். திட்டிப் பார்த்தாச்சு, பலனில்லை. கிச்சு கிச்சு தாம்பாளம் விளையாட்டில் உட்கார வைத்தேன். மணலை நீளமாகக் குவித்து ஒரு பிள்ளை குச்சியை ஒளிக்கும், இன்னொரு பிள்ளை இரண்டு கையையும் கோத்து ஓரிடத்தில் பொத்தும். பொத்துகிற வரை கை சும்மா இருக்க வேண்டும், ஒளித்தவனோ இடத்தை முகத்தில் காட்டக்கூடாது. முதலில் மணலையே கலைத்துவிட்டு ஓடினான். ஆனால் ஒளிக்கிற முறை வர வேண்டும் என்கிற ஆசை அவனை உட்கார வைத்தது. 'பொறு, பொறு' என்று நான் ஆயிரம் முறை சொல்லி வராதது அங்கே வந்தது. பெரிய பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி. நாலு முத்தை எண்ணாமலே நாலு என்று சொல்வார்கள். ஒன்று கவனம்: மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளை கையில் புளியங்கொட்டையும் சோழியும் வேண்டாம், நேரே மூக்குக்குத்தான் போகும்.

திருப்பூர் அப்பா:
எங்கள் பையன் பேசத் தாமதம். டாக்டர் காது சோதனை, பேச்சுப் பயிற்சி இரண்டையும் தொடங்கினார். கூடவே வீட்டில் சொப்புச் சாமான் வைத்துக் கடை விளையாட்டு ஆடச் சொன்னார். அவன் கடைக்காரர், நான் வாடிக்கையாளர். "அண்ணாச்சி, தக்காளி என்ன விலை?" என்றால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். பயிற்சியில் சொல்ல மறுத்த வார்த்தைகளைக் கடையில் சொன்னான். ஒரு நாள், "பாக்கி குடு" என்றான். யாரிடம் கற்றானோ!

மதுரை அம்மா:
டீச்சரம்மா, வாசலில் சிமெண்ட் போட்டுவிட்டோம், மணலுக்கு எங்கே போவது? ரவையில் ஆடலாமா?

ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர், தஞ்சை:
தாராளமா ஆடலாம். பெரிய தாம்பாளத்தில் கொட்டிக்கொள்ளுங்கள். ஆடி முடித்த ரவையில் உப்புமா மட்டும் கிண்டிவிடாதீர்கள்.