கடல் மட்டத்தில் வளர்ந்தவன் உயர்மலை வழிகாட்டி ஆக முடியுமா?

கொருக்குப்பேட்டைக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 23. துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைக் கம்பியும் சங்கிலியும் போட்டு இறுக்கிக் கட்டும் வேலையில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். சேர்த்துவைத்த பணத்தில் சென்ற ஆண்டு உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சியை முடித்து, 'ஏ' தரம் பெற்றேன். காலணியில் பனியைப் பற்றும் முள்தகடான கிராம்பானை மாட்டிக்கொண்டு தொக்ரியானி பனியாற்றின் மேல் முதன்முதலாக நின்ற அந்தக் காலையிலிருந்து மனம் வேறு எதிலும் ஒட்டவில்லை. உயர்மலை வழிகாட்டி வேலையைப் பிழைப்பாகவே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அப்பா இல்லாத வீடு என்பதால் அம்மா கலங்குகிறார். இந்தத் தொழிலின் உள்ளும் புறமும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை அண்ணன்:

தம்பி, நான் உத்தரகண்டில் ஒன்பது பருவங்கள் வேலை பார்த்தவன். விடுமுறைக் கூட்டத்தை 4,000 மீட்டர் வரை நடத்திக் கூட்டிச்சென்று திரும்பும் ட்ரெக் லீடர் வேலை வேறு. செங்குத்துப் பனியில் பிறரைத் தன் கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறும் வழிகாட்டியின் வேலை வேறு. 'ஏ' தரம் இருப்பதால் அடுத்து மேல்நிலைப் பயிற்சிக்குப் போகலாம். அதிலும் 'ஏ' கிடைத்தால் பயிற்றுநர் பயிற்சி, அதோடு தேடல் மீட்புப் பயிற்சி. இவ்வளவும் முடிந்த பிறகு மூத்தவர் ஒருவரின் பின்னால் சில பருவங்கள் சுமை தூக்கி, கூடாரம் அடித்து, விடிவதற்கு முன் பனியை உருக்கித் தேநீர் போட்டால்தான் தொழில் கைக்கு வரும்.

டென்சிங் நார்கே 1935இல் எவரெஸ்ட் குழுவொன்றில் சுமைதூக்கியாகத்தான் சேர்ந்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் ரேமண்ட் லாம்பர்ட்டுடன் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை ஏறிவிட்டு, இருவரும் திரும்பிவிட்டார்கள். அந்தத் திரும்பல் இருந்ததால்தான் 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சி அவருக்கு வாய்த்தது. என்னைப் பொறுத்தவரை வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலி இப்படித் திரும்பும் முடிவுக்கான கூலி.

ஒரு முறை 4,900 மீட்டர் முகாமில், எங்கள் குழுவில் ஒருவர் ஜாக்கெட்டின் ஜிப்பைப் போட மூன்று முறை முயன்றும் முடியாமல் நின்றதைப் பார்த்தேன். தலைவலி இருப்பதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டிருக்கிறார். பனியில் கயிற்றை நேராகப் போட்டு, குதிகாலை விரல்நுனியோடு ஒட்டிவைத்து அதன்மேல் நடக்கச் சொன்னேன்; மூன்றாம் அடியிலேயே சாய்ந்தார். மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளம் அது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெதசோன் மருந்தைக் கொடுத்து, இருவராகத் தாங்கிப் பிடித்து இரவோடு இரவாகக் கீழே இறக்கினோம். 900 மீட்டர் இறங்கியபின், விடியும் நேரத்தில் தன் காலணிக் கயிற்றைத் தானே கட்டினார். அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆள் போதாமல் மற்றவர்களுக்கும் அந்த முறை உச்சி கிடைக்கவில்லை, சிலர் ஊர் திரும்பும் வரை என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அதைத் தாங்கும் மனம் உங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காசிமேடு மருத்துவர்:

கடல் மட்டத்தில் வளர்ந்தது தடையில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழும் ஷெர்பாக்களின் உடல் ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவிடப் பழகியது. நம் உடல் அப்படியில்லை. 5,500 மீட்டரில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் பாதிதான். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்குள்ளாகவே உயர்த்த வேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் தங்கி இளைப்பாற வேண்டும். மூட்டை தூக்கிப் பழகிய கட்டுடல் இதிலிருந்து காப்பாற்றாது. வலுவானவர்களே வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள். படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், இருமலுடன் நுரை வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

ராயபுரம் அக்கா:

என் தம்பியும் இந்த வேலையில் இருப்பதால், அம்மாவின் கலக்கத்தைச் சிறிதாக எண்ணாதீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டில் கும்பு பனியாறு உடைந்து சரிவாக இறங்கும் பகுதியில் பனிச்சரிவில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். பணம் கட்டி வந்தவர்கள் அந்த இடத்தைச் சில முறையே கடப்பார்கள். இவர்களோ முகாமுக்கு முகாம் சுமை ஏற்ற ஒரே பருவத்தில் பல முறை கடக்க வேண்டியிருக்கிறது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு முதலில் அறிவித்தது 40,000 நேபாள ரூபாய்; அதைக் கேட்டுத்தான் வழிகாட்டிகள் கொதித்து எழுந்தார்கள். திறமை மட்டும் காக்கும் என்றும் சொல்ல முடியவில்லை. சவிதா கன்ஸ்வால் 2022 மே மாதத்தில் 16 நாட்களுக்குள் எவரெஸ்ட், மகாலு இரண்டையும் ஏறியவர். அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று, திரௌபதி கா தண்டா 2 மலையில் பயிற்றுநராகச் சென்றிருந்தபோது பனிச்சரிவில் இறந்துபோனார்.

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஏனெனில் மலையிலிருந்து இறங்கி வரும் என் தம்பியின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வேலை கொடுப்பவர் விபத்துக் காப்பீடும் ஹெலிகாப்டர் மீட்புச் செலவும் எழுத்தில் தராவிட்டால் கிளம்பாதீர்கள். வாரிசு என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருக்க வேண்டும். வேலை பெரும்பாலும் மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் என்பதால், துறைமுக வேலையை அடியோடு விட்டுவிடாமல் மீதி மாதங்களுக்கு ஒரு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன்:

அண்ணன், அக்கா, மருத்துவர் மூவருக்கும் நன்றி. மேல்நிலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடிவு செய்துவிட்டேன். அக்காவின் பதிலை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் காப்பீட்டுத் தாளை முதலில் என் கையில் கொண்டு வந்து கொடு, பிறகு பேசலாம்" என்றார்.