ஒற்றை வைரத்தோடு, ஏழு கல்: மோதிரமாக மாற்றலாமா?

சிந்துபூந்துறை:

எங்கள் ஆச்சிக்கு 1951-ல் கல்யாணம். அன்று காதில் ஏறிய ஏழு கல் வைரத்தோடு கடைசி வரை இறங்கவில்லை. அடுப்படி, ஆற்றுக் குளியல், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லா இடத்திலும் அதுதான். ஆச்சி போன பிறகு அம்மாவும் பெரியம்மாவும் நகையைப் பிரித்தார்கள். வளையல் ஆளுக்கு ரெண்டு, சங்கிலி ஒருவருக்கு, அட்டிகை ஒருவருக்கு. தோட்டில்தான் சிக்கல். பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுக்க ரெண்டு பேருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் ஆளுக்கு ஒரு தோடு என்று முடிவாகி, எது யாருக்கு என்று பூக்கட்டி வேறு பார்த்தார்கள். ரெண்டும் ஒன்றுதானே, இதற்கு எதற்குப் பூக்கட்டல் என்று நான் சிரித்தது நினைவிருக்கிறது.

பதினோரு வருஷம் பீரோவில் கிடந்த அந்த ஒற்றைத் தோட்டைப் போன மாதம் அம்மா என் கையில் கொடுத்து, "நீயே ஏதாவது பண்ணிக்கோ" என்றாள். ஒற்றைத் தோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மோதிரம்தான். ஆனால் தினமும் போட்டுக்கொள்கிற மோதிரமாக இருக்க வேண்டும், மறுபடி பீரோவுக்குப் போகக் கூடாது. நான் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவுவேன், மணிக்கணக்கில் கையுறை மாட்டியிருப்பேன்.

ரெண்டு கடையில் காட்டினேன். முதல் கடையில், "பழைய கட்டிங்மா, ஜொலிப்பு இல்லை, தங்கத்துக்கு மட்டும் விலை போடுறோம்" என்றார்கள். கல்லுக்கு ஒன்றுமில்லையாம்! இரண்டாவது கடையில், கல்லையெல்லாம் புது மாதிரி பட்டை தீட்டி மோதிரத்தில் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். அம்மாவோ இது ப்ளூ ஜாகர், சாதாரணக் கல் இல்லை என்கிறாள். தோட்டை உடைப்பதிலும் அவளுக்கு முழுச் சம்மதம் இல்லை. வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாதாம், மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். வைத்தேன். ஒரு கெட்ட கனவும் வரவில்லை, இதை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

அளவு: ஒரு கல் சுமார் 3.5 மில்லிமீட்டர், ஏழும் ஒரே அளவு. தோட்டின் முகம் 12 மில்லிமீட்டர். திருகாணியோடு, கல்லோடு எடை 3.9 கிராம். பின்பக்கம் தங்கத்தால் மூடியிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்கட்டி:

அம்மணி, நான் கோயமுத்தூரில் முப்பத்தெட்டு வருஷம் கல் கட்டியவன். இப்போது கண் ஒத்துழைக்கவில்லை, வாய் மட்டும் வேலை செய்கிறது.

முதலில் அந்தப் பட்டை தீட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். இப்போது கடையில் இருக்கும் உருண்டை வைரமெல்லாம் 1919-ல் மார்செல் தோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டுச் சொன்ன அளவை ஒட்டி வந்தவை. உங்கள் ஆச்சியின் கல் அதற்கு முந்தைய கைவேலை மரபு. மேல் தட்டு சின்னதாக இருக்கும், தலை உயரமாக இருக்கும், அடிமுனையைக் கூராக விடாமல் லேசாகத் தட்டையாக்கியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் நடுவில் ஊசி குத்தின ஓட்டை மாதிரித் தெரியும். அது ஓட்டை இல்லை, அந்தத் தட்டை முனைதான். புதுக் கல் பொடிப்பொடியாக மினுக்கும். இது பெரிய பெரிய துண்டாக, மெதுவாக மின்னும். விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் பார்க்காதீர்கள். திரும்பத் தீட்டினால் எடை நன்றாகக் குறையும், ஏழு கல்லும் ஏழு அளவாகும், கடையில் ஆயிரக்கணக்கில் கிடைக்கிற சின்னக் கல் ஏழு உங்களிடமும் இருக்கும். அவ்வளவுதான் லாபம்.

ஜொலிப்பு இல்லை என்றாரே, அது கல்லின் குற்றம் இல்லை. உங்களுடையது க்ளோஸ் செட்டிங். கல்லுக்கு அடியில் மெல்லிய வெள்ளித் தகடு, சில சமயம் அரக்கும் வைத்து மூடியிருப்பார்கள். தகடு பளபளப்பாக இருக்கும் வரை கல்லும் பளபளக்கும். ஆச்சி குளிக்கும்போதும் கழற்றவில்லை என்கிறீர்களே, தண்ணீர் உள்ளே போய் எப்போதோ தகடு கறுத்திருக்கும். கறுப்புத் துணி மேல் வைத்த கண்ணாடி மாதிரி ஆகிவிடும் கல். கல்லைக் கழற்றிச் சுத்தம் செய்து வெளிச்சத்தில் வைத்தால் அதே கடைக்காரர் வாயைப் பிளப்பார்.

ப்ளூ ஜாகர் பற்றி. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்று ஒரு சுரங்கம், 1971-ல் மூடிவிட்டார்கள். அங்கிருந்து வந்த, வெயிலில் லேசாக நீலம் அடிக்கிற வெள்ளைக் கல்லுக்கு வந்த பேர் அது. பிறகு நம் ஊரில் நல்ல கல் எதற்கும் அந்தப் பேரைச் சொல்லி விற்றார்கள். அம்மாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இப்போது மோதிரம். உங்களுக்கு ரெண்டு வழி. ஒன்று, தோட்டை உடைக்காமல் அப்படியே மோதிரத்தின் தலையாக வைப்பது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, எல்லாம் ஒரே அளவு என்றால் இடைவெளி இல்லாமல் பூ மாதிரிப் பொருந்தும், அந்த அழகுக்கு இணை கிடையாது. ஆனால் சூடு காட்டிப் பற்றவைத்தால் உள்ளே அரக்கும் தகடும் போய்விடும். அதனால் தோட்டின் பின்தண்டைக் குட்டையாக வெட்டி, மோதிரத்தில் ஒரு கிண்ணம் செய்து, அடியில் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். உயரமாக நிற்கும், தண்ணீரும் ஆகாது. கல்யாணத்துக்குப் போட்டுப் போகலாம், லேபுக்கு ஆகாது.

இன்னொன்று, கல்லைப் பிரித்து, பின்பக்கம் திறந்த ஓப்பன் செட்டிங்கில் புது மோதிரம். கையுறை போடுகிறவருக்கு நகம் மாதிரி நாலு கம்பி பிடிக்கிற வேலை வேண்டாம், ரப்பரைக் கிழிக்கும். சுற்றிலும் தங்க விளிம்பு அணைத்துப் பிடிக்கிற கூடு வையுங்கள். பழைய கல்லுக்கு இடுப்பு, அதாவது சுற்று ஓரம், மெல்லியதாக, அங்கங்கே சில்லு போனதாக இருக்கும். வைரம் கெட்டி என்று அர்த்தமில்லாமல் நம்புகிறோம், ஓரத்தில் சரியாக அடிபட்டால் பிளந்துவிடும். அதற்கும் கூடுதான் காவல்.

எந்த வழியில் போனாலும் கல்லைக் கழற்றும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருங்கள்.

சேதாரக்கணக்கு:

ஐயா சொன்ன கடைசி வரிக்கு என் கையெழுத்து. நான் என் அத்தை கொடுத்த எட்டுக்கல் பேசரியைக் கடையில் விட்டுவிட்டு வந்தவள். திரும்ப வந்தது எட்டுக் கல்தான், ஆனால் என் எட்டுக் கல்லா என்று இன்று வரை தெரியாது. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. கல் கல்லாக எடை போட்டு, எந்தக் கல்லில் எங்கே சில்லு, எங்கே புள்ளி என்று படம் வரைந்து, கடைக்காரரின் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெட்கப்படாதீர்கள். நான் பட்டேன்.

கொழும்புத்துறை:

நான் யாழ்ப்பாணம். கல்லுப் பரிசோதனை படித்தவன், கடை வைத்திருப்பவன் அல்ல.

தங்கச்சி, பிரிக்கும் முன் ஏழும் வைரமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவநம்பிக்கையில் சொல்லவில்லை. இத்தனை வருடம் காதில் இருந்த தோட்டில் ஒரு கல்லாவது விழுந்து மாற்றியிருப்பது சாதாரணம். எங்கள் நாட்டில் கிடைக்கும் வெள்ளை ஜிர்கான் கல்லுக்கு மாத்தறை வைரம் என்றே ஒரு காலத்தில் பெயர். நல்ல ஜிர்கான் கிட்டத்தட்ட வைரம் போலவே வர்ணம் தெறிக்கும், மூடிய கட்டில் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கல்லின் மேல் தட்டு வழியாக அடியில் உள்ள பட்டைக் கோடுகளைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். வைரத்தில் ஒரு கோடு ஒரு கோடாகவே தெரியும். ஜிர்கானில் அதே கோடு இரட்டையாகத் தெரியும், தண்டவாளம் போல. மேல் விளிம்புகளையும் பாருங்கள். வைரத்தின் விளிம்பு எத்தனை வருடமானாலும் கத்தி போல் இருக்கும். வைரத்தின் கடினம் பத்து என்றால் ஜிர்கான் ஏழரை அளவில்தான், விளிம்பு கடித்தது போல் தேய்ந்திருக்கும். 1976-க்குப் பிறகு மாற்றியிருந்தால் அமெரிக்கன் வைரம் என்கிற செயற்கைக் கல்லாகவும் இருக்கலாம், அதில் கோடு இரட்டிக்காது.

கடையில் ஊசி வைத்துப் பார்க்கும் கருவி உண்டு. சின்னக் கல்லில் ஊசி தவறித் தங்கத்தில் படலாம், ஆகவே ஒவ்வொரு கல்லிலும் இரண்டு மூன்று முறை வைக்கச் சொல்லுங்கள். நீல டார்ச் அடித்து, ஒளிராதது போலி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எத்தனையோ நல்ல வைரம் ஒளிராது.

சிந்துபூந்துறை:

லென்ஸ் வாங்க வேண்டியிருக்கவில்லை, லேபில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டியில் கூட்டமில்லாத நேரம் பார்த்து உட்கார்ந்தேன்.

ஆறில் கோடு ஒற்றை. ஊசி குத்தின ஓட்டை மாதிரி நடுவில் தெரிகிறது, கல்கட்டி ஐயா சொன்ன அதேதான். ஏழாவதில், ஓர வரிசையில் இடப்பக்கக் கல்லில், தண்டவாளம்! விளிம்பும் தேய்ந்துபோயிருக்கிறது. மறுநாள் ஊசிக் கருவி வைத்தும் பார்த்தாயிற்று. ஆறு முறை கூவியது, ஏழாவதற்கு வாயே திறக்கவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ரெண்டு நாள் யோசித்தேன். சொன்னதும் அம்மா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்போ அந்தக் குற்றாலந்தான்" என்றாள். அம்மா பத்தாவது படிக்கும்போது எல்லோருமாக ஐந்தருவிக்குப் போய் வந்தார்களாம். வந்ததிலிருந்து ஒரு வாரம் ஆச்சி காதோடு சேர்த்துத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே இருந்தாளாம். காதுவலி என்று சொல்லித் தாத்தாவைக் கிட்டேயே விடவில்லையாம். அப்புறம் ஒரு நாள் தனியாக டவுனுக்குப் போய் வந்ததும் காதுவலி தீர்ந்துவிட்டது.

இனி என் கேள்வி. ஆறு வைரம், ஒரு ஜிர்கான். ஏழையும் சேர்த்துப் பூவாகவே செய்யலாமா?

கல்கட்டி:

அருவியில் விழுந்த கல்லைத் தேடவா முடியும். ஆச்சி கெட்டிக்காரி.

தினமும் போடுகிற மோதிரத்தில் ஜிர்கான் வேண்டாம் அம்மணி. பக்கத்துக் கல்லெல்லாம் அப்படியே இருக்க, அது மட்டும் வருஷா வருஷம் மங்கும். பூவைவிட்டு வரிசைக்கு வாருங்கள். ஆறு கல், கல்லுக்கு 3.5, கூட்டின் சுவரையும் சேர்த்தால் 25 மில்லிமீட்டர் வரும். உங்கள் விரலின் மேல் பாதியை அது மூடும், கீழ்ப் பாதி வெறும் தங்கம். அப்படி விட்டால்தான் நாளைக்கு விரல் பருத்தாலும் மெலிந்தாலும் அளவு மாற்ற முடியும். முழு வட்டமும் கல் வைத்துவிட்டால் மாற்ற வழியில்லை.

பழைய கல்லுக்கு அடிவயிறு ஆழம். பட்டையாக, தாழ்வாக வேண்டும் என்று சொல்லி மோதிரத்தை ரொம்ப மெல்லிசாக்கினால் கல்லின் முனை விரலைத் தொடும். மெழுகு அச்சு போடுவதற்கு முன் ஒவ்வொரு கல்லின் ஆழத்தையும் அளந்து ஆசாரியிடம் கொடுங்கள். கம்ப்யூட்டரில் வரைகிறவர்கள் புதுக் கல்லின் ஆழத்தைப் போட்டு வரைந்துவிடுவார்கள், பிறகு கூடு கல்லுக்குச் சேராது.

தங்கம் 22 காரட்டில் வேண்டாம், கல்லைப் பிடிக்கிற விளிம்புக்கு அது மெத்து. 18 காரட் போடுங்கள். கல், அரக்கு எல்லாம் போக உங்களிடம் 22 காரட் தங்கம் 3.4 கிராம் இருக்கும் என்று வைத்தால், செம்பும் வெள்ளியும் சேர்த்து 18 காரட்டாக்க 4.15 கிராம் வரும். பற்றவைத்த பழைய பற்றாசு கலந்திருக்கும், அதனால் முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கொஞ்சம் குறையும், குறைந்ததற்கு முகம் சுளிக்காதீர்கள். கல் கட்டும்போது தங்கத்தில் சூடு காட்டுகிற வேலை மிச்சம் வைக்கக் கூடாது. போரிக் பவுடர் பூசாமல் ஊதினால் வைரத்தின் மேல் பால் படிந்த மாதிரி ஆகிவிடும்.

சிந்துபூந்துறை:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நெல்லையில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஆசாரி செய்துகொடுத்தார். கல்லைக் கழற்றும்போது பக்கத்திலேயே இருந்தேன். தகட்டை எடுத்துக் காட்டினார், ஐயா சொன்னபடியே கரிக்கட்டை. ஆறு கல்லும் சேர்ந்து 1.14 காரட். தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன், சேதாரக்கணக்கு அக்காவுக்கு நன்றி. சுத்தம் செய்து முடித்ததில் 18 காரட்டில் 3.9 கிராம்தான் தேறியது. குறைந்ததைப் புதிதாக வாங்கிச் சேர்த்தேன்.

முதல் மெழுகு அச்சில் கல் உட்காரவில்லை. ஆழம் எழுதிக் கொடுத்தும் அவர் ரெண்டு கல்லை இடம் மாற்றி வைத்திருந்தார். திரும்பப் போட்டார், கூடுதல் கூலி கேட்கவில்லை.

முதல் கடைக்கு மோதிரத்தைப் போட்டுக்கொண்டு ஒரு நடை போனேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான். கவுண்டரில் இருந்தவர் கையைப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கினீர்கள் என்றார்.

ஜிர்கானை அம்மா மூக்குத்தியாகக் கட்டிக்கொண்டாள். பெரியம்மாவிடம் சொல்ல வேண்டாமாம். பெரியம்மா தோட்டில் லென்ஸ் வைத்துப் பார்க்கவும் எனக்குத் தடை. கையுறை இதுவரை ஒன்றுகூடக் கிழியவில்லை.