புதுப்பிப்பு: பெர்னார்டினெல்லி–பெர்ன்ஸ்டீன் வால்மீன், பினாங்கிலிருந்து

சி/2014 யூஎன்271 என்ற குறியீடுள்ள இந்த வால்மீனைப் படமெடுப்பது பற்றிச் சென்ற முறை எழுதியிருந்தேன். அதன் சுற்றுக்காலம் (சூரியனை ஒருமுறை சுற்றும் காலம்) ஏன் ஒவ்வொரு மூலத்திலும் வேறு எண்ணாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

சூரியனை மையமாக வைத்துக் கணக்கிட்டால், வியாழன் சூரியனை அசைக்கும் அசைவும் வால்மீனின் கணக்கில் ஏறிவிடும். கணக்கிடும் தேதியை மாற்றினால் எண்ணும் மாறும். அதனால் சூரியக் குடும்பம் முழுவதன் நிறைமையத்தை (மொத்த நிறையின் சமநிலைப் புள்ளியை) மையமாகத் தேர்ந்தெடுங்கள். அப்படிக் கணக்கிட்டால், உள்ளே வந்த பாதையின் தொலைமுனை (சூரியனிலிருந்து மிகத் தொலைவான புள்ளி) சுமார் 40,000 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமி–சூரியன் சராசரித் தூரம்), அதாவது கிட்டத்தட்ட 30 லட்சம் ஆண்டுச் சுற்று. அண்மைமுனை (சூரியனுக்கு மிக அருகான புள்ளி) 2031 ஜனவரியில், சுமார் 10.9 அலகில். அப்போதும் சனியின் பாதைக்கு வெளியேதான் இருக்கும்.

இனி படம். 15 அலகுத் தூரத்தில், பூமியின் ஓட்டத்தாலேயே அது வானத்தில் மணிக்கு 10 வில்விநாடி (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) வரை நகரும். 60 விநாடிப் படத்தில் அது தெரியாது. இரண்டு மணி நேரம் எடுத்த படங்களை, விண்மீன்கள் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் சிக்கல்: வால்மீன் இழுபட்டு, மங்கலான கோமா (கருவைச் சுற்றிய வாயு, தூசிப் படலம்) பின்னணியில் கரைந்துவிடும். வால்மீனின் நகர்வுக்கு ஏற்பத் தனியாக இன்னொரு முறை அடுக்குங்கள்.

நடுவரை விலக்கம் (வான நடுவரையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணம்) −50° என்றால் பினாங்கில் அதிகபட்சம் 35 பாகை உயரம்தான். உச்சிவட்டம் (வானின் வடக்கு–தெற்குக் கோடு) கடக்கும் நேரத்தை விடாதீர்கள்; அப்போதுதான் அது மிக உயரத்தில் இருக்கும். தீவின் மேற்கேயுள்ள பாலிக் புலாவ் பக்கம் போனால் ஜார்ஜ்டவுன் வெளிச்சத்தை மலை தடுக்கும். ஈரக்காற்றுக்கு, லென்ஸ் கண்ணாடி வேர்க்கும் முன்பே அதைச் சூடாக்கும் ஹீட்டர் பட்டையைப் போட்டுவிடுங்கள்.