கொம்புச்சா ஜாடிக்குள் டீத்தூள் கசடு இறங்காமல் வடிப்பது எப்படி?

குன்னூர்_மலர்:
எல்லோருக்கும் வணக்கம். குன்னூரில் வீட்டிலேயே கொம்புச்சா (சர்க்கரை போட்ட டீயைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம்) போடுகிறேன். ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடி, பக்கத்து ஃபாக்டரி கடையில் கிடைக்கும் டஸ்ட் டீ, வெள்ளைச் சர்க்கரை, அவ்வளவுதான். புளிப்பு நன்றாகவே பிடிக்கிறது, வீட்டில் எல்லோரும் விரும்பிக் குடிக்கிறார்கள். பிரச்சினை கசடுதான். டீ வடிகட்டியில் வடித்துத்தான் ஜாடியில் ஊற்றுகிறேன். இருந்தும் மறுநாள் பார்த்தால் அடியில் கறுப்பாக மண்டி தங்கியிருக்கிறது, மேலே புதிதாகப் படியும் ஸ்கோபியிலும் (டீயைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்த வழவழப்பான ஆடை) தூள் ஒட்டிக்கொண்டு புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. அது பூஞ்சையா தூளா என்று ஜாடியை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மல் துணியில் வடித்தால் பாதியில் அடைத்துக்கொள்கிறது, பிழிந்தால் மறுபடி கலங்கல். காபி ஃபில்டர் பேப்பரில் ஐந்து லிட்டரும் இறங்குவதற்குள் பொழுது போய்விடும்.

இன்னொரு சந்தேகம். வடித்து மூடிவைத்த டீ, காலையில் பார்த்தால் துளி பால் விட்டதுபோல் மங்கிக் கிடக்கிறது, பனிக் காலத்தில் இன்னும் அதிகம். அதுவும் தூள்தானா? நீங்கள் எல்லாம் எப்படி வடிக்கிறீர்கள்?

கோத்தகிரி_தோட்டம்:
அக்கா, வடிகட்டியை மாற்றும் முன் தூளை மாற்றுங்கள். டஸ்ட் என்பது பால் டீக்கு, சட்டென்று சாயம் இறங்குவதற்காகப் பொடித்தது. சி.டி.சி. எந்திரத்தில் இலை வெட்டுப்பட்டு, கிழிபட்டு, சுருண்டு வருகிறது, அதைச் சலிக்கும்போது கடைசியில் நிற்கும் பொடிதான் உங்கள் கையில் இருப்பது. அதில் வடிகட்டிக் கண்ணைவிடச் சின்ன துகள் நிறைய இருக்கும், எத்தனை தடவை வடித்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆர்த்தடாக்ஸ் இலை (பொடிக்காமல் உருட்டிச் சுருட்டியது) வாங்குங்கள், முழு இலையாக இல்லாவிட்டாலும் பி.ஓ.பி. என்ற உடைந்த இலை ரகம் போதும். விலை கூடத்தான், ஆனால் ஐந்து லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் தேவைப்படாது. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறினால் இலை விரிந்து பெரிதாகிவிடும், சாதாரண வடிகட்டியிலேயே நின்றுவிடும். நம் ஊரில் இலைக்கா பஞ்சம்!

வெலிங்டன்_பையன்:
அக்கா, நான் வெலிங்டன்காரன், இப்போது பெங்களூரில் ஒரு மைக்ரோபுரூவரியில் பீர் காய்ச்சும் வேலை. (தமிழ்நாட்டில் வீட்டில் பீர் போட 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இடம் தராது, அதனால் ஊருக்கு வந்தால் நானும் கொம்புச்சாதான்.) உங்கள் டீத்தூள் தொல்லையும் எங்கள் ஹாப்ஸ் தொல்லையும் ஒன்றேதான், அதனால் நாங்கள் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. பீருக்குக் கசப்பும் வாசனையும் அதிலிருந்துதான் வருகின்றன. இந்தியாவில் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைகிறது, கோடையில் நீண்ட பகல் வேண்டும் என்பதால் நம் மலையில் சரியாகப் பூக்காது. பூவை முழுசாகப் போட்டுக் காய்ச்சினால் கசடு பெரிய தொல்லை இல்லை. ஆனால் பெரும்பாலும் வருவது பொடித்து அழுத்திய மாத்திரை வடிவில்தான். கொதியில் விழுந்ததும் அது கரைந்து பச்சைச் சேறாகிவிடும், அதை அப்படியே புளிக்கும் தொட்டிக்குள் விட்டால் வால்வு அடைக்கும், அடியில் மண்டி ஏறி நல்ல பீரும் அதோடு வீணாகும். இதைத் தடுக்க மூன்று வழி வைத்திருக்கிறோம்.

முதலாவது சல்லடைக் குழாய். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையில் செய்த நீளமான கூடை, கண் சுமார் 300 மைக்ரான். பானை விளிம்பில் மாட்டி ஹாப்ஸை அதற்குள்ளேயே கொட்டிவிடுவோம். துணிப் பையும் உண்டு, ஆனால் பையைத் திணித்து நிரப்பினால் உள்ளே தண்ணீர் ஓடாது, சாறு இறங்காது. டீக்கும் அதே கதைதான், பையில் பாதிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். சன்னமான டஸ்ட் 300 மைக்ரானிலும் நழுவும், அதனால் இது மட்டும் உங்களுக்குப் போதாது.

இரண்டாவது, நான் அதிகம் நம்புவது, சுழற்றித் தெளிய விடுவது. டம்ளரில் இலை கிடக்கும் டீயைக் கரண்டியால் சுழற்றிவிட்டுப் பாருங்கள், இலை ஓரத்துக்குப் போகாமல் நடு அடியில் குவியும். காரணம், அடியில் இருக்கும் நீர் தரையோடு உராய்ந்து வேகம் குறைவதால் அங்கே ஓட்டம் ஓரத்திலிருந்து நடுவுக்குத் திரும்புகிறது, அது தூளை இழுத்துப்போய் நடுவில் போட்டுவிட்டு மேலே ஏறிவிடுகிறது. ஐன்ஸ்டைன் 1926இல் ஆறுகள் ஏன் வளைகின்றன என்று எழுதிய கட்டுரையில் விளக்கியிருப்பது இந்த டீ இலை விஷயத்தைத்தான். பீர் ஆலைகளில் பெரிய தொட்டியே இதற்காகக் கட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். டீ ஊறியதும் முதலில் சாதாரண வடிகட்டியில் வேறொரு பானைக்கு மாற்றுங்கள். இலையோடு விட்டால் துவர்ப்பு ஏறிவிடும். சர்க்கரையைச் சூட்டிலேயே போட்டுக் கரைத்து, நீளக் கரண்டியால் விளிம்போடு ஒரே பக்கமாக, பானை நீர் மொத்தமும் சுழலும்வரை கிண்டுங்கள். கரண்டியை எடுத்து மூடிவிட்டு இருபது நிமிடம், முடிந்தால் அரை மணி, பானையைத் தொடவே வேண்டாம். திறந்து பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு சின்ன மேடு தெரியும். நீரை உறிஞ்சி இறக்கும் சிறு குழாயின் (சைஃபன்) முனையை ஓரமாக, மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே பிடித்து, நீர் இறங்க இறங்க முனையையும் இறக்கி ஜாடிக்கு விடுங்கள். கடைசி இரண்டு டம்ளர் பானையிலேயே போகட்டும். அதையும் எடுக்க ஆசைப்பட்டுப் பானையைச் சாய்த்தால் மேடு சரிந்து எல்லாம் கலங்கிவிடும்.

மூன்றாவது, இலையே வடிகட்டியாவது. கோத்தகிரிக்காரர் சொன்ன இலையை வாங்கினால் இது கைகொடுக்கும். துணியின் மேல் இலை ஒரு படுகையாக உட்கார்ந்ததும் முதலில் வரும் டம்ளர் கலங்கலாக இருக்கும். அதைத் திரும்ப இலையின் மேலேயே மெதுவாக ஊற்றினால் அடுத்தது தெளிவாக இறங்கும். பிழியாதீர்கள். பிழிந்தால் படுகை உடைந்து பிடித்துவைத்த தூள் எல்லாம் வெளியே வந்துவிடும். துணி புதிது என்றால் கஞ்சி போக ஒரு தடவை கொதிக்கவைத்து அலசிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் பால் மங்கல் தூள் இல்லை. டீ ஆறும்போது துவர்ப்புப் பொருட்களும் காஃபீனும் சேர்ந்து கரையாமல் நிற்பதால் வருவது. டீ கெட்டியாக இருந்தால் இன்னும் மங்கும். ஒரு டம்ளர் எடுத்துச் சூடாக்கிப் பாருங்கள், தெளிந்துவிட்டால் அதுதான். அதை வடிக்கப் பாடுபட வேண்டியதில்லை.

கொடை_பிளம்ஸ்:
தம்பி சொன்ன சுழற்றும் முறை நல்ல முறை, நானும் கொடைக்கானலில் பிளம்ஸ் வினிகர் போடும்போது அப்படித்தான் தெளிவை இறுத்துக்கொள்கிறேன். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

மலர், ஐந்து லிட்டரையும் வடிக்க வேண்டியதில்லை. முப்பது கிராம் இலையையும் ஒன்றரை லிட்டரில் கெட்டியாக ஊறவைத்து, அதை மட்டும் தெளியவைத்து, சூடு போகும் முன் கொதித்து ஆறிய தண்ணீரோடு கலந்துவிடுங்கள். வடிக்கும் வேலை மூன்றில் ஒன்றாகிவிடும், ஆறவும் நேரம் ஆகாது. ஸ்கோபியைப் போடும் முன் ஜாடி கைக்கு வெதுவெதுப்பாகக்கூட இருக்கக் கூடாது.

இரண்டாவது, அடியில் தங்குவது எல்லாமே டீத்தூள் என்று நினைக்காதீர்கள். நாலைந்து நாளில் பழுப்பு நிறத்தில் நூல் நூலாக ஸ்கோபியிலிருந்து தொங்குவதும், அடியில் வழவழவென்று படிவதும் ஈஸ்ட். அது வருவதுதான் சரி. பூஞ்சை என்றால் மேற்பரப்பில், காற்றுப் படும் இடத்தில், காய்ந்து பஞ்சு மாதிரி வெள்ளையாகவோ பச்சையாகவோ வட்டமாகப் பூக்கும். திரவத்துக்குள் மூழ்கிய கறுப்புப் புள்ளி பூஞ்சையாக இருக்க வாய்ப்பே குறைவு. மேலே பூத்துவிட்டால் மட்டும் தயவு பார்க்காமல் ஸ்கோபியோடு சேர்த்து எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். நம் குளிரில் புளிப்பு மெதுவாக ஏறுவதால் பூஞ்சைக்கு இடம் அதிகம், அதனால் பழைய கொம்புச்சாவை ஐந்து லிட்டருக்கு ஒரு லிட்டர் அளவுக்கு ஊற்றுங்கள். அதையும் பழைய ஜாடியின் மேல்பாதியிலிருந்து எடுங்கள். அடியிலிருந்து எடுத்தால் பழைய மண்டியையே புது ஜாடிக்குள் விட்டதாகிவிடும்.

குன்னூர்_மலர்:
ரொம்ப நன்றி, மூன்று பேருக்கும். காலையில் ஆறின டீயை ஒரு டம்ளர் சூடாக்கிப் பார்த்தேன் தம்பி, கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது! ஆர்த்தடாக்ஸ் இலைக்குச் சொல்லியாகிவிட்டது. ஒரு கேள்வி மிச்சம். குழாய் வைத்து இறக்குவதற்குப் பதில் அடியில் டேப் வைத்த ஜாடி வாங்கினால் என்ன? சல்லடைக் கூடை ஸ்டீல் என்கிறீர்களே, புளிப்பு பட்டால் பரவாயில்லையா?

வெலிங்டன்_பையன்:
கூடை சூடான டீயில் மட்டும்தான் இறங்கும், புளிப்பு அதைத் தொடாது. 304 தர ஸ்டீல் தாராளம். டேப் ஜாடி வாங்கலாம், ஆனால் டேப் தரையோடு ஒட்டி இருக்கக் கூடாது, இரண்டு விரல் உயரத்திலாவது இருந்தால்தான் மண்டி கீழேயே நிற்கும். டேப் முழுக்க ஸ்டீலா என்று கேட்டு வாங்குங்கள். பித்தளைக்கு மேல் பளபளவென்று முலாம் பூசியது வேண்டாம், அது நாள் முழுக்கப் புளிப்பில் ஊறும். ஸ்கோபித் துண்டு டேப்பை அடைத்தால் உள்ளே கையை விடாமல் வாயால் ஊதாமல் ஒரு சுத்தமான ஸ்ட்ராவால் தள்ளிவிடுங்கள் அக்கா.